வெம்மையும் நகர வாழ்வும்

கோடையின் வெம்மை நமக்குப் புதியதன்று. வெயில் காய்வது இயல்பே என்றெண்ணிப் பொறுத்திருந்து பழகிய நாம், அதனால் மக்கள் திரளாக மாளக்கூடும் என்பதை எளிதில் நினைப்பதில்லை. அந்நினைவு எத்துணைப் பிழையுடையது என்பதையும், அதனைத் திருத்தப் பல நாட்டார் கூடிச் செய்த முயற்சி யாதென்பதையும் ஆமதாபாத் நகரின் வரலாற்றைக் கொண்டு ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண், வெம்மை உடலை வருத்துமாறு எங்ஙனம்? மனித உடலின் இயல்பான வெப்பநிலை ஏறக்குறைய 37 பாகை செண்டிகிரேடு ஆகும். வெளியில் வெப்பம் மிகுங்கால் வியர்வை தோன்றி, அஃது ஆவியாகி உடலைக் குளிர்விக்கின்றது. காற்றில் ஈரம் மிக்கிருப்பின் வியர்வை உலராது. உடலில் நீர் குறையின் வியர்வையே சுருங்கும். அப்பொழுது உள்வெப்பம் உயர்ந்து இருதயமும் மூளையும் சிறுநீரகமும் சோர்வுறும். நகரங்களிலோ இத்துன்பம் பெருகுகின்றது. செங்கல்லும் சிமெண்டும் தாரும் பகலெல்லாம் உட்கொண்ட வெப்பத்தை இரவில் வெளிவிடுகின்றன. தகரக் கூரையின்கீழ் உறங்கும் ஏழைக்கு இரவிலும் ஓய்வின்று.

2010-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆமதாபாத்தில் வெப்பநிலை 46.8 பாகை வரை ஏறிற்று. அம்மாதத்து மரணக் கணக்கை 2009, 2011-ஆம் ஆண்டுகளின் மே மாதங்களோடு ஒப்பிட்ட ஆராய்ச்சியாளர், 1,344 பேர் மிகுதியாக இறந்தனர் எனக் கண்டனர். வெயிலால் மாண்டவர்க்கு இருதய நோய் என்றோ பிறிதொன்றோ காரணம் எழுதப்படுதல் உண்டு. ஆதலின், இங்ஙனம் ஒப்பிட்டாலன்றி இவ்விழப்பின் அளவு புலப்படாது.

இதன்பின் அந்நகராட்சியும், காந்திநகரிலுள்ள பொதுச் சுகாதாரக் கல்வி நிலையமும், அமெரிக்காவின் இயற்கை வளப் பாதுகாப்புக் கழகமும், எமரி முதலிய கல்விக்கூடங்களின் அறிஞரும் ஒன்றுகூடினர். வெம்மையை முன்கூட்டி அறியும் கணிதத்தையும் மரணங்களை ஆராயும் முறையையும் வந்தவர் உதவினர்; தெருக்களையும் தொழிலாளரையும் மருத்துவமனைகளையும் அறிந்த அறிவு நகரத்தாருடையது. இவ்விரண்டும் சேர்ந்து 2013-ஆம் ஆண்டில் வெம்மைக் காப்புத் திட்டமாக உருவாயின. தென்னாசியாவில் இத்தகைய திட்டம் இதுவே முதலாவதாம்.

அத்திட்டம் செய்வது யாதெனின், வெப்பநிலைக்கேற்ப மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என எச்சரிக்கை விடுப்பதாம். 45 பாகையை எட்டும் நாள் சிவப்புக்குரியது. செய்தி கிடைத்தவுடன் மருத்துவமனைகள் ஆயத்தமாகும்; தண்ணீர்ப் பந்தல்கள் அமையும். ஒரு மருத்துவமனையில், மேல்மாடியில் இருந்த பிரசவப் பகுதியைக் கீழ்த்தளத்திற்கு மாற்றியதனால், வெப்பத்தால் வருந்தும் பச்சிளங் குழவிகளின் தொகை குறைந்தது. 2017 முதல் ஏழையர் வீட்டுக் கூரைகளில் வெண்பூச்சுப் பூசி வெயிலைத் திருப்பும் முயற்சியும் தொடங்கிற்று. பொருட்செலவு சிறிதே, பயனோ பெரிது. 2018-இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, திட்டத்தின் பின்னர் ஆண்டொன்றுக்குச் சராசரி 1,190 மரணங்கள் தவிர்க்கப்பட்டன என மதிப்பிட்டுள்ளது.

நிற்க, எச்சரிக்கை மட்டும் போதுமோ? வெயிலில் செல்லாதே என்றால், அன்றாடக் கூலியால் உண்பவள் அன்று எதனை உண்பாள்? இவ்வினாவிற்கு விடை காணவே, சேவா என்னும் பெண் தொழிலாளர் சங்கம் வெளிநாட்டுக் கழகங்களின் துணையோடு 2023-இல் ஒரு காப்புறுதித் திட்டத்தைத் தொடங்கிற்று. குஜராத்தின் ஐந்து மாவட்டங்களில் 21,000 பெண்கள் அதிற் சேர்ந்தனர். குறித்த அளவினும் வெம்மை மிகுமாயின், இழந்த கூலிக்கு ஈடாகப் பணம் வழங்குவதே அதன் நோக்கம்.

வெம்மைக்கு நாட்டெல்லை இல்லை. அதனைத் தாங்கும் அறிவிற்கும் எல்லை வேண்டுவதின்று. ஆயினும் பிற நாட்டார் அறிவைத் தரலாமேயன்றி, அண்டை வீட்டு முதியோர்க்கு நீர் கொடுப்பதும், கூரைக்கு வெண்மை பூசுவதும், இறந்தோரை மறவாது கணக்கிடுவதும் அவ்வவ்வூரார் கடமையே. கல்வி கற்கும் நாம் இதனை நன்கு சிந்தித்தல் வேண்டும்.