ஓர் எழுத்து தவறினால் கடல் தாண்ட முடியாது
முதலமடை எல்லையில் பிறப்புப் பதிவும் பாஸ்போர்ட்டும்

“பெயரில் ஓர் எழுத்துத்தானே, இருந்துவிட்டுப் போகட்டும்” என்று சொல்லி, காகிதத்தை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறவர்கள் நம்மில் அநேகர். உள்ளூரில் வேலைக்குப் போய்க் கூலி வாங்குகிற வரையில் அந்த எழுத்து யாரையும் ஒன்றும் செய்வதில்லை. மகன் துபாய்க்கோ மஸ்கட்டுக்கோ புறப்படும் நாளில்தான் அது எழுந்து வந்து வாசலை மறிக்கிறது. விசா காத்திருக்காது, வேலை கொடுக்கிற முதலாளியும் காத்திருக்க மாட்டார்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தைச் சேர்ந்த முதலமடையில் இந்தத் தொல்லை சற்று அதிகம். ரயிலில் வருகிறவர்களுக்குக் கொல்லங்கோட்டுக்கும் மீனாட்சிபுரத்துக்கும் நடுவே உள்ள நிலையம் இது. மாந்தோப்புகளுக்குப் பேர் போன ஊர். வேறு ஊர்களில் மரம் காய்க்கும் முன்பே இவ்வூர் மாங்காய் வட இந்தியச் சந்தைக்குப் போய்விடுகிறது. மருந்தடிக்கவும், காய் பறிக்கவும், பெட்டி கட்டவும் தோப்புகளில் வேலை செய்கிறவர்களில் தமிழர்கள் ஏராளம். கோவிந்தாபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் தமிழ்நாடு. சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பொள்ளாச்சி. பெண் கொடுப்பதும் எடுப்பதும் அந்தப் பக்கத்தில். காகிதத் தொல்லையின் வேரும் இங்கேதான் இருக்கிறது.

ஊர் ஒன்று, ஏடு இரண்டு

உதாரணத்துக்கு ஒருவரை வைத்துக்கொள்வோம். பெயர் ஆறுமுகம், வயது இருபத்திரண்டு. தகப்பனார் பழனிசாமி மாந்தோப்பில் வேலை செய்கிறவர். தாயாருக்குப் பிறந்த வீடு பொள்ளாச்சி. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது வழக்கம் அல்லவா? செப்டம்பர் மாதம் அங்குள்ள ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்தது. தகப்பன் பெயரைக் கேட்டபோது பக்கத்தில் இருந்த பாட்டி, ஊரார் அழைக்கிற பெயரைச் சொன்னாள்: “பழனி.” ஏட்டில் அப்படியே ஏறிவிட்டது.

ஐந்து வருஷம் கழித்து முதலமடையில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். ஜூன் மாதத்தில் பையனுக்கு ஐந்து வயது நிரம்பவில்லை. ஒரு வருஷம் வீணாகக் கூடாது என்று மே மாதத் தேதி ஒன்றைச் சொன்னார் தகப்பனார். ஆசிரியரும் கேட்டபடி எழுதிக்கொண்டார். பெயரை மட்டும் மலையாள வழக்கப்படி “ஆறுமுகன்” என்று எழுதினார்.

ஆக, பொள்ளாச்சி ஏட்டில் செப்டம்பரில் பிறந்த ஆறுமுகம், தகப்பன் பெயர் பழனி. பத்தாம் வகுப்பு சர்டிபிகேட்டில் மே மாதம் பிறந்த ஆறுமுகன், தகப்பன் பெயர் பழனிசாமி. ஆள் ஒருவர், காகிதத்தில் இருவர். பாஸ்போர்ட் அதிகாரிக்கு ஆளைத் தெரியாது, காகிதத்தைத்தான் தெரியும்.

பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ல் வந்தது. குழந்தை எந்த இடத்தில் பிறந்ததோ அந்த இடத்துப் பதிவாளரின் ஏட்டில்தான் பிறப்பு ஏறும் என்பது அதன் அடிப்படை. பெற்றோர் எங்கே குடியிருக்கிறார்கள் என்பது கணக்கில்லை. முதலமடையில் பிறந்திருந்தால் பஞ்சாயத்துச் செயலாளரே பதிவாளர். பொள்ளாச்சியில் பிறந்தால் ஏடு அங்கே இருக்கும்; திருத்தமும் அங்கேதான். முதலமடைப் பஞ்சாயத்து ஆபீசுக்கு நூறு தடவை நடந்தாலும் அங்குள்ளவர்கள் ஒன்றும் செய்ய இயலாது.

முதலமடைப் பஞ்சாயத்தைச் சேர்ந்த பரம்பிக்குளத்து மக்களின் நிலை இன்னும் கடினம். அவர்கள் தங்கள் சொந்தப் பஞ்சாயத்து ஆபீசுக்குச் சாலை வழியாக வருவதானால் டாப்ஸ்லிப், சேத்துமடை என்று தமிழ்நாட்டுக்குள் இறங்கித்தான் சுற்றி வரவேண்டும்.

‘ம்’ போய் ‘ன்’ வந்த கதை

பெயர்ப் பிழைகளில் பெரும்பாலானவை யாரும் வேண்டுமென்று செய்தவை அல்ல. தமிழில் ஆறுமுகம், வேலாயுதம், மாணிக்கம், சுந்தரம் என்றால், மலையாளத்தில் ஆறுமுகன், வேலாயுதன், மாணிக்கன், சுந்தரன். செல்லம்மாள் அங்கே செல்லம்மா ஆகிவிடுவாள். பேச்சில் இரண்டும் ஒன்றே. ஆனால் இங்கிலீஷில் எழுதும்போது கடைசி எழுத்து ‘எம்’ ஒரு காகிதத்திலும் ‘என்’ மற்றொன்றிலும் விழுகிறது.

‘ழ’கரத்தின் கதை வேறு. பழனிசாமியின் ‘ழ’வைத் தமிழ்நாட்டு ஆபீசில் ஒற்றை ‘எல்’ போட்டு எழுதுவார்கள். கேரளத்தில் ‘இசட்’, ‘எச்’ இரண்டையும் சேர்ப்பார்கள். சாமி ஓர் இடத்தில் ‘சாமி’. மற்றோர் இடத்தில் ‘ஸ்வாமி’. தேவிகுளம், பீர்மேடு தேயிலைத் தோட்டங்களில் உள்ள நம்மவர்களுக்கும் இதே கதைதான்.

எனவே வீட்டிலுள்ள எல்லாரும் கூடி உட்கார்ந்து, ஒவ்வொருவர் பெயருக்கும் ஓர் இங்கிலீஷ் எழுத்துக்கூட்டை முடிவு செய்துகொள்வது நல்லது. இனி எந்த மனுவானாலும் அதே எழுத்துக்கூட்டைத்தான் எழுதவேண்டும்.

மூலப் பத்திரம் எது?

நிலம் வாங்குகிறவர்கள் முதலில் மூலப் பத்திரத்தைப் பார்ப்பார்கள். மனிதனுக்கு மூலப் பத்திரம் பிறப்புப் பதிவு. அதற்கு அடுத்தது பள்ளி ஏடு. ஆதாரும் பாஸ்போர்ட்டும் அதன் பின்னால் வருபவை. நம்மவர்கள் செய்கிற தவறு இந்த வரிசையைத் தலைகீழாக்குவதுதான். அவசரத்தில் முதலில் ஆதாரைத் திருத்துகிறார்கள். பிறகு பாஸ்போர்ட்டுக்கு மனுப் போடுகிறார்கள். அங்கே நின்றுபோன பிறகுதான் மூலத்தைத் தேடிப் போகிறார்கள்.

ஆதாரில் பெயரை ஆயுளில் இரண்டு முறையும், பிறந்த தேதியை ஒரு முறையும்தான் சாதாரணமாக மாற்ற முடியும் என்பதைப் பலரும் அறிவதில்லை. மூலம் சரியாகும் முன்பே அந்த வாய்ப்பைச் செலவழித்துவிட்டால் பின்னால் திண்டாட்டம்தான்.

ஆகவே ஆறுமுகம் முதலில் பஸ் ஏறவேண்டியது பொள்ளாச்சிக்கு. பதிவுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, ஏட்டில் உள்ள பிழையைத் திருத்தப் பதிவாளருக்கு அதிகாரம் கொடுக்கிறது. பழைய எழுத்தை அடிக்கவோ அழிக்கவோ மாட்டார்கள். அது அப்படியே இருக்க, ஓரத்தில் சரியான விவரத்தை எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். வெறும் எழுத்துப் பிழை என்று பதிவாளருக்குத் திருப்தியானால் வேலை சுலபம். விஷயமே மாறுகிறது என்றால், நடந்ததை நேரில் அறிந்த நம்பகமான இருவரின் வாக்குமூலம் வேண்டும். பழனியும் பழனிசாமியும் ஒருவரே என்று காட்டத் தகப்பனாரின் பள்ளிச் சர்டிபிகேட், வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு ஆகியவை கையில் இருக்கட்டும்.

கேரளத்தில் வில்லேஜ் ஆபீசர் “இருவரும் ஒருவரே” என்று ஒரு சர்டிபிகேட் கொடுப்பது உண்டு. இப்படிப்பட்ட இடங்களில் அது துணைச் சான்றாக உதவும். அது கையில் இருக்கிறதே என்று மூலத்தைத் திருத்தாமல் விட்டுவிடலாகாது.

பிறப்பே பதிவாகாமல் போயிருந்தால்? இருபத்தோரு நாளுக்குள் பதிவுக்குக் கட்டணம் இல்லை. முப்பது நாள் வரையில் தாமதக் கட்டணத்தோடு பதியலாம். ஒரு வருஷம் வரையில் குறிப்பிட்ட அதிகாரியின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். ஒரு வருஷம் கடந்துவிட்டால் முன்பு முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டிடம் போகவேண்டியிருந்தது. 2023-ஆம் வருஷத் திருத்தத்துக்குப் பிறகு கலெக்டர், ஆர்.டி.ஓ. போன்ற நிர்வாக மாஜிஸ்திரேட்டுகளின் உத்தரவு போதும். குழந்தையின் பெயர் மட்டும் விட்டுப்போயிருந்தால் ஒரு வருஷம் வரையில் இலவசமாகவும், பதினைந்து வருஷம் வரையில் தாமதக் கட்டணத்துடனும் சேர்க்கலாம்.

பள்ளிக்கூடத்து மே மாதம்

அடுத்தது பள்ளிச் சர்டிபிகேட். பையன் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும்போதே திருத்துவதுதான் எளிது. எஸ்.எஸ்.எல்.சி. சர்டிபிகேட் வந்தபிறகு என்றால், தலைமையாசிரியர் மூலமாகத் திருவனந்தபுரத்திலுள்ள பரீட்சா பவனுக்கு மனுப் போகவேண்டும். அங்கே முதலில் கேட்கப்படுவது பிறப்புச் சர்டிபிகேட். பொள்ளாச்சி வேலையை முதலில் முடிக்கச் சொன்ன காரணம் இதுதான்.

பெயர் ஒருவனின் அடையாளத்தோடு சேர்ந்தது. அதைச் சரிசெய்யக் கேட்பதை விதியைக் காட்டி அடியோடு மறுக்க முடியாது என்பது நீதிமன்றம் ஏற்ற கருத்து. ஜிக்யா யாதவ் என்ற மாணவி மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்துக்கு எதிராகத் தொடர்ந்த வழக்கில் 2021 ஜூன் மாதம் சுப்ரீம் கோர்ட் இவ்வாறு தீர்ப்பளித்தது.

பாஸ்போர்ட் மனு

மூலமும் பள்ளிச் சர்டிபிகேட்டும் ஆதாரும் ஒரே குரலில் பேசினால் பாஸ்போர்ட் பெரிய காரியமல்ல. 1989 ஜனவரி 26-க்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சர்டிபிகேட் ஒன்றே சான்று என்று முன்பு கட்டாயம் இருந்தது. 2016 டிசம்பரில் அது தளர்த்தப்பட்டது. பள்ளிச் சர்டிபிகேட், ஆதார், வாக்காளர் அட்டை, டிரைவிங் லைசென்ஸ் முதலியவையும் பிறந்த தேதிக்குச் சான்றாயின. நோட்டரியிடம் போய் அபிடவிட் எழுதும் செலவும் அப்போதே போய்விட்டது. வெள்ளைத் தாளில் தாமே உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட்டால் போதும்.

2018 ஜூன் மாதத்திலிருந்து நாட்டின் எந்தப் பகுதியிலிருந்தும் மனுச் செய்யலாம். போலீஸ் விசாரணை மனுவில் காட்டிய விலாசத்தில் நடக்கும். 2017 முதல் பல பெரிய தபாலாபீசுகளிலும் பாஸ்போர்ட் மையங்கள் வந்துள்ளன. சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய். தட்கல் என்றால் மேற்கொண்டு 2,000 ரூபாய். அரசாங்க உத்தியோகத்தில் உள்ள குமாஸ்தாக்கள் தங்கள் மேலதிகாரிக்கு முன்கூட்டியே எழுத்து மூலம் தெரிவித்து, அந்தக் கடிதத்தின் நகலை மனுவோடு வைப்பது காலதாமதத்தைத் தவிர்க்கும்.

பத்தாம் வகுப்புத் தேறியவர்கள் அந்தச் சர்டிபிகேட்டை அவசியம் காட்டவேண்டும். இல்லாவிட்டால் ‘ஈ.சி.ஆர்.’ குறிப்போடு பாஸ்போர்ட் வரக்கூடும். அப்படி வந்தால் வளைகுடா நாடுகள் உள்ளிட்ட பதினெட்டு நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதி தனியே பெறவேண்டும்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான் உண்டு. பாஸ்போர்ட் மனுவில் இனிஷியலை விரித்து எழுதவேண்டும். ஆறுமுகம் என்ற ஒற்றைப் பெயரை மட்டும் எழுதி மற்றக் கட்டத்தைக் காலியாக விட்டவர்களுக்கு 2022 நவம்பரில் பெரும் சங்கடம் ஏற்பட்டது. ஐக்கிய அரபு எமிரேட்ஸ், ஒற்றைப் பெயர் உள்ள பாஸ்போர்ட்டில் வருகை விசாவில் வருவோரை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் மற்றப் பக்கத்தில் தகப்பன் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்றுக்கொள்வதாகப் பின்னர் விளக்கம் வந்தது. ஆனாலும் தகப்பன் பெயரைச் சேர்த்து இரண்டு கட்டங்களையும் நிரப்பிவிடுவதே புத்திசாலித்தனம்.

வழங்கிவிட்ட பாஸ்போர்ட்டில் பிழை இருந்தால் அந்தப் புத்தகத்திலேயே திருத்த மாட்டார்கள். மறு வழங்கலுக்கு மனுச் செய்து புதுப் புத்தகம் வாங்கவேண்டும். பிறந்த தேதிப் பிழையானால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். வருஷங்கள் போகப் போக, இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்வது கடினமாகும்.

மறுத்தால் என்ன செய்வது?

ஒரு காலத்தில் பாஸ்போர்ட் என்பது சர்க்கார் மனம் வைத்துக் கொடுக்கும் சலுகையாக இருந்தது. 1967 ஏப்ரலில் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில், வெளிநாடு செல்வது தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று சுப்ரீம் கோர்ட் கூறியது. அதன் பிறகே அவ்வருஷம் பாஸ்போர்ட் சட்டம் பிறந்தது. 1978-ல் மேனகா காந்தி வழக்கு அந்த உரிமையை மேலும் உறுதியாக்கியது.

எனவே மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சில விசேஷ காரணங்கள் நீங்கலாக அதைத் தருவது அதிகாரியின் கடமை. முப்பது நாளுக்குள் மேல் முறையீடும் செய்யலாம். சந்தேகங்களுக்கு 1800-258-1800 என்ற எண்ணில் கட்டணமின்றிக் கேட்கலாம்.

மொழி தெரியவில்லையே என்றும் தயங்கவேண்டாம். மாநிலத்திலோ மத்தியிலோ வழங்கும் எந்த மொழியிலும் குறைதீர்க்கும் மனுவைக் கொடுக்க அரசியல் சட்டத்தின் 350-ஆம் பிரிவு உரிமை தருகிறது. கேரளத்தின் 1969-ஆம் வருஷ ஆட்சிமொழிச் சட்டமும், தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும், சிறுபான்மைப் பகுதி என அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள மாநில அரசு ஆபீசுகளுக்கும் தமிழில் எழுதலாம் என்கிறது. பதிலும் தமிழில் வரவேண்டும்.

“எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று வரும் தரகர்களிடம் எச்சரிக்கை தேவை. போலிச் சர்டிபிகேட் வைத்தாலோ, உண்மையை மறைத்தாலோ மாட்டிக்கொள்வது மனுவில் கையெழுத்துப் போட்டவர்தான். இரண்டு வருஷம் வரை சிறை, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு.

பிறக்கப்போகும் குழந்தைக்கு

ஆறுமுகத்துக்காவது பள்ளிச் சர்டிபிகேட் முதலிய வேறு வழிகள் இருக்கின்றன. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கு அந்த வழிகள் இல்லை. 2025-ஆம் வருஷ விதித் திருத்தத்தின்படி, பாஸ்போர்ட்டுக்கு அவர்களின் பிறந்த தேதிச் சான்று பிறப்புச் சர்டிபிகேட் ஒன்றே. ஆஸ்பத்திரியில் பாட்டி சொல்லும் பெயருக்கு இனி அவ்வளவு மதிப்பு.

ஆகவே தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அனுப்பும்போது, வளையலோடும் பலகாரத்தோடும் ஒரு துண்டுக் காகிதத்தையும் கொடுத்தனுப்புங்கள். அதில் தகப்பன், தாய் பெயர்களை முழுமையாக, ஆதாரில் உள்ளபடி இங்கிலீஷ் எழுத்துக்கூட்டோடு எழுதியிருக்கட்டும். சர்டிபிகேட் கைக்கு வந்ததும் அந்தக் காகிதத்தோடு எழுத்து எழுத்தாக ஒத்துப்பார்த்துவிட்டுப் பிறகு பஸ் ஏறுங்கள்.