நாய் வெங்காயம் சாப்பிட்டுடுச்சா? பயப்படுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க!

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். நைட் ஷிஃப்ட் முடித்து வரும்போது வாசலில் ஒரு நாய் வாலாட்டிக்கொண்டு நிற்கும். யாரோட நாய்னு கேட்டா, எல்லாரோட நாயும்தான். பார்சலில் மிச்சமான பிரியாணி, தயிர் வெங்காயம், சால்னா எல்லாம் ஒரே கவரில் கலந்து அதுக்குப் போய்ச் சேரும்.

ஒருநாள் யாராவது, "டேய், நாய்க்கு வெங்காயம் விஷமாம்டா" என்பார். "அட போடா, எங்க ஊர்ல பத்து வருஷமா சாம்பார் சாதம்தான் சாப்பிடுது, கல்லு மாதிரி இருக்கு" என்பார் இன்னொருவர். இதில் யார் சொல்வது சரி? ரெண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கு. மீதி, நாயின் எடையிலும் வெங்காயத்தின் அளவிலும் இருக்கு.

உள்ளே என்ன நடக்குது?

வெங்காயத்தை நறுக்கும்போது நம் கண்ணைக் கலங்க வைப்பது அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள். வெங்காயத்தை மெல்லும்போதும் செரிக்கும்போதும் இவற்றிலிருந்து உருவாகும் சில பொருள்கள் ரத்தத்தில் கலந்து, சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினைத் தாக்குகின்றன. நம் சிவப்பணுக்கள் இதைச் சமாளித்துவிடும். நாயின் சிவப்பணுக்களுக்கு அந்தத் தாங்கும் சக்தி குறைவு. சேதமான ஹீமோகுளோபின் கட்டியாகி அணுவின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். இதற்கு 'ஹெயின்ஸ் துகள்' என்று பெயர். இப்படிப் பழுதான அணுக்கள் உடைய ஆரம்பித்தால் ரத்தசோகை வரும். இது புதுக் கண்டுபிடிப்பு எல்லாம் இல்லை. வெங்காயம் கொடுக்கப்பட்ட நாய்களுக்கு ரத்தசோகை வருவதை அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் டபிள்யூ.ஹெச். செப்ரெல் 1930-லேயே பதிவு செய்திருக்கிறார்.

வேகவைத்தால் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது. பச்சை, வதக்கல், பொரியல், பொடி என எந்த வடிவத்திலும் ஆபத்து உண்டு. வெங்காயத்தில் பெரும்பகுதி தண்ணீர்தான் என்பதால், பிரியாணி மேலே தூவும் பொரித்த வெங்காயமும் சிப்ஸ் மசாலாவில் இருக்கும் வெங்காயப் பொடியும் கொஞ்சமாகத் தெரிந்தாலும் வீரியம் அதிகம். பூண்டு இன்னும் ஒரு படி மேல்.

சரி, எவ்வளவு சாப்பிட்டா ஆபத்து?

நாயின் எடையில் ஒரு கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் உள்ளே போனால் ரத்தத்தில் குறிப்பிடத்தக்க மாற்றங்கள் தெரியும் என்கிறது கால்நடை மருத்துவம். எச்சரிக்கைக் கோடு அதற்கும் கீழே இருக்கிறது. ஒரே வேளையில் உடல் எடையில் 0.5 சதவிகிதத்தைத் தாண்டினாலே, அதாவது கிலோவுக்கு 5 கிராமைத் தாண்டினாலே, டாக்டரிடம் பேசிவிடுவது நல்லது.

4 கிலோ பொமரேனியனுக்கு இந்தக் கோடு 20 கிராம். ரெண்டு மூணு சின்ன வெங்காயம், அவ்வளவுதான். 15 கிலோ நாட்டு நாய்க்கு 75 கிராம், 30 கிலோ லேப்ரடாருக்கு 150 கிராம். ஆக, தரையில் விழுந்த ஒரு வெங்காய வளையத்தை லேப்ரடார் லபக்கென்று விழுங்கிவிட்டால் பதற வேண்டியதில்லை. ஆனால், நாலு பேரின் தயிர் வெங்காயத்தை ஒன்றாகக் கொட்டி வைத்தால் நம்ம வாசல் நாய்க்கே அளவு தாண்டலாம். அகிட்டா, ஷிபா இனு போன்ற ஜப்பானிய இன நாய்களுக்குக் குறைந்த அளவே போதும். (வீட்டில் பூனை இருக்கா? பூனைக்கு இது நாயை விட மோசம்.)

'பத்து வருஷ சாம்பார் சாதம்' கட்சிக்காரர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரே நாளில் நிறைய சாப்பிட்டால்தான் பிரச்னை என்றில்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் சேதம் சேர்ந்துகொண்டே வரும். நாய் சோர்ந்து படுத்தால், "வயசாயிடுச்சு, வெயில் வேற" என்று நாமே காரணம் சொல்லிக்கொள்வோம்.

முதல் நாள் நல்லாத்தான் இருக்கும்!

உண்மையில் ஆளை ஏமாற்றுவது இதுதான். சாப்பிட்ட அன்று வாந்தி, பேதி வரலாம்; எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். சிவப்பணுக்கள் உடைவது பெரும்பாலும் சில நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். சோர்வு, வெளிறிய ஈறு, மூச்சு வாங்குதல், செம்பழுப்பு நிறச் சிறுநீர் எல்லாம் அப்போது வரும். அதற்குள் வெங்காயத்தை எல்லாரும் மறந்திருப்போம். பொதுவான நாய் என்றால் இன்னும் சிக்கல். சாப்பாடு போட்டவர் வேறு ஷிஃப்டில் இருப்பார், சிறுநீரைப் பார்த்தவர் வேறு ஒருவராக இருப்பார்.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஈறு வெளிறுவதும் சிறுநீர் நிறம் மாறுவதும் நம் ஊரில் சகஜமான உண்ணிக் காய்ச்சலிலும் வரும். டாக்டரின் சந்தேகம் முதலில் அங்கேதான் போகும். அதனால், "மூணு நாள் முன்னாடி வெங்காயம் சாப்பிட்டுச்சு" என்ற ஒரு வரியைச் சொல்ல மறக்காதீங்க. ரத்தத் துளியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஹெயின்ஸ் துகள்களும் தெரியும், உண்ணிக் காய்ச்சல் கிருமியையும் தேடலாம்.

உடனே என்ன செய்யணும்?

சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் என்றால் வாந்தி எடுக்க வைத்தே பெரும்பகுதியை வெளியேற்றிவிடலாம். ஆனால், அதை டாக்டர்தான் செய்யணும். உப்புத் தண்ணி கொடுப்பது பெரிய தப்பு, அந்த உப்பே நாயைக் கொல்லலாம். பால், மோர், மஞ்சள் தண்ணி எதுவும் இதற்கு மாற்று மருந்து கிடையாது. சொல்லப்போனால் மாற்று மருந்து என்று ஒன்றே இல்லை. கரித்தூள் மருந்து, டிரிப்ஸ், ஆக்சிஜன், ரொம்ப மோசமானால் ரத்தம் ஏற்றுதல் என உடம்பைத் தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. நேரத்தோடு கவனித்தால் பெரும்பாலான நாய்கள் தேறிவிடும். புது சிவப்பணுக்கள் ஊறி வர ஓரிரு வாரம் ஆகலாம்.

பக்கத்தில் உள்ள கால்நடை மருத்துவமனைக்கு முதலில் போங்க. ரத்தம் ஏற்ற வேண்டிய நிலை என்றால் சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைக் கைகாட்டுவார்கள். விலங்குகளுக்கான ரத்த வங்கி அங்கே இருக்கிறது. கும்மிடிப்பூண்டியிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர். ஈறு வெளுத்த நாயை வைத்துக்கொண்டு ஹைவே டிராஃபிக்கில் நிற்பதை விட, இரண்டாம் நாளே உள்ளூர் டாக்டரிடம் காட்டுவது எவ்வளவோ மேல்.

கிளம்பும் முன் மூன்று விஷயங்களை போனில் குறித்துக்கொள்ளுங்கள்: நாயின் உத்தேச எடை, எவ்வளவு சாப்பிட்டது, எத்தனை மணிக்கு. எடை தெரியவில்லை என்றால் நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழித்துவிடுங்கள். தூக்க விடாத நாய் என்றால் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போங்க, டாக்டரே கணித்துவிடுவார்.

இன்றைக்கு ராத்திரி வாசலில் நிற்கும் அதற்கு? சால்னா ஊற்றும் முன்னாலேயே ஒரு கை வெள்ளைச் சோறு எடுத்து வைத்து, ஒரு அவித்த முட்டையை உதிர்த்துப் போட்டால் போதும்.