ஐம்பதாயிரம் டாலர் கணக்கில் உள்ள இரண்டாயிரம்

தேர்வில் ஜெயித்தால் நிறுவனத்தின் பணத்தில் வர்த்தகம் செய்யலாம் என்னும் ஃபண்டட் டிரேடிங் விளம்பரங்களில் கொட்டை எழுத்தில் இருப்பது கணக்கின் அளவு. சிகாகோவின் டாப்ஸ்டெப் நிறுவனம் வைக்கும் ஒரு தேர்வில் அது 50,000 டாலர். கட்டணம் கட்டினால் அந்த அளவுக்கு ஒரு மாதிரிக் கணக்கு தருவார்கள். 3,000 டாலர் லாபம் காட்டினால் தேர்ச்சி. 2,000 டாலர் நஷ்டமானால் கணக்கு மூடப்படும். மீதி 48,000 டாலர் திரையில் தெரியும், அவ்வளவுதான். அதை இழக்கவும் உங்களுக்கு அனுமதி இல்லை. என்னைக் கேட்டால் இது 2,000 டாலர் கணக்கு.

ஒரு டிரேடில் மூலதனத்தின் ஒரு சதவீதத்துக்கு மேல் ரிஸ்க் எடுக்காதே என்பது டிரேடிங் வகுப்புகளின் பால பாடம். 50,000 டாலரில் ஒரு சதவீதம் 500. நான்கு ஸ்டாப் லாஸ் வரிசையாக அடித்தால் கதை முடிந்தது. பாதி டிரேடுகளில் ஜெயிப்பவருக்கே முதல் நான்கும் தோற்க 16-ல் ஒரு வாய்ப்பு உண்டு. எஸ் அண்ட் பி பங்குக் குறியீட்டின் இ-மினி ஃபியூச்சரில் ஒரு புள்ளிக்கு 50 டாலர். 40 புள்ளி எதிராகப் போனால் 2,000 டாலரும் காலி. அந்தக் குறியீடு ஒரே நாளில் 40 புள்ளி ஆடுவது சர்வசாதாரணம். மைக்ரோ கான்ட்ராக்டில் புள்ளிக்கு 5 டாலர்தான். அதில் 20 புள்ளி ஸ்டாப் லாஸ் வைத்தால் ஒரு டிரேடுக்கு 100 டாலர் ரிஸ்க், அதாவது தோற்க 20 வாய்ப்பு.

இதைவிடச் சிக்கலானது டிரெய்லிங் டிராடவுன். நஷ்ட எல்லை ஓரிடத்தில் நிற்பதில்லை. லாபத்தின் பின்னால் ஏறிவரும், இறங்காது. தொடக்கத்தில் எல்லை 48,000. முதல் நாள் 800 டாலர் லாபத்தோடு முடித்தால் அது 48,800 ஆகிவிடும். மறுநாள் 1,500 போனால் கையிருப்பு 49,300. நிகர நஷ்டம் 700 மட்டுமே. ஆனால் இன்னும் 500 போனால் வெளியே! எல்லை 50,000-ஐத் தொட்ட பிறகுதான் ஏறுவது நிற்கும்.

திறமையே இல்லாமல் காசு சுண்டுவதுபோல் சின்னச் சின்னதாக ஆடினால் என்ன ஆகும்? எல்லை அசையாமல் நின்றால் 3,000 டாலர் இலக்கை எட்ட 40 சதவீத வாய்ப்பு. எல்லை நொடிக்கு நொடி, கடைசிவரை உச்சத்தைத் துரத்தினால் அது சுமார் 22 சதவீதம். நாள் முடிவில் மட்டும் எல்லையை ஏற்றும் டாப்ஸ்டெப்பின் விதி இரண்டுக்கும் நடுவில் வரும். கமிஷனைக் கழிக்கும் முன்பே இந்த நிலை.

பிராக் நகரின் எஃப்டிஎம்ஓ நிறுவனம் இரண்டு கட்டமாக நடத்தும் தேர்வில் எல்லை ஏறுவதில்லை: மொத்தம் 10 சதவீதம், ஒரு நாளைக்கு 5 சதவீதம். ஆனால் இன்னும் மூடாத பொசிஷனின் நஷ்டமும் அந்த 5 சதவீதத்தில் சேரும். மாலைக்குள் மீண்டுவிடும் என்று காத்திருக்க வழியில்லை.

நஷ்டத்தில் தாக்குப்பிடிக்கப் பழைய வழி ஒன்று உண்டு. 1983-ல் சிகாகோவில் வர்த்தகர் ரிச்சர்ட் டென்னிஸ் 'டர்ட்டில்' என்று பெயரிட்ட மாணவர்களுக்குச் சொந்தப் பணத்தையே கொடுத்து வர்த்தகம் பழக்கினார். கணக்கு 10 சதவீதம் இறங்கினால், அது 20 சதவீதம் சுருங்கிவிட்டதாக எண்ணி அளவைக் குறைக்க வேண்டும் என்பது அவர்களுக்கு விதி. டாப்ஸ்டெப் கணக்கில் இதன்படி நடந்தால், 200 டாலர் போனதுமே கையில் 1,600 தான் இருப்பதாகக் கொண்டு, அடுத்த டிரேடின் ரிஸ்க்கை 100-லிருந்து 80 டாலராகக் குறைக்க வேண்டும். ஒரு மைக்ரோ கான்ட்ராக்டில் அது 16 புள்ளி.