கண்டியில் ஏரி; வேலூரில் சமாதி!

வேலூர், ஆம்பூர் என்றதும் தோல் தொழிலும் பிரியாணியும் நினைவுக்கு வரும்.

அந்த வேலூரில், பாலாற்றங்கரையில் ஒரு மண்டபம் இருக்கிறது. அதன் பெயர் முத்து மண்டபம்.

அங்கே யாருடைய சமாதி இருக்கிறது, தெரியுமா? கண்டியை ஆண்ட கடைசி அரசனின் சமாதி!

அவன் பெயர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். இயற்பெயர் கண்ணுசாமி. மதுரை நாயக்கர் வழியில் வந்தவன். 1798-ம் ஆண்டில் பட்டத்துக்கு வந்தான்.

இலங்கையைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் அவன் கதையைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

கண்டி

மலைகள் சூழ்ந்த நகரம் கண்டி. ஊர் நடுவே அழகிய ஏரி. வயலாக இருந்த இடத்தை ஏரி ஆக்கியவன் இந்த அரசன்தான்.

ஏரிக்கரையில் புத்தரின் பல் வைத்துப் போற்றப்படும் தலதா மாளிகை உள்ளது. அதன் எண்கோண மண்டபமும் அவன் காலத்தில் கட்டப்பட்டது. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் அலங்கரித்த யானைகள் அணிவகுக்கும் பெரஹரா திருவிழா இங்கே நடக்கும்.

ஏரி வேலைக்கு ஆட்களைக் கட்டாயப்படுத்தியதால் வெறுப்பு வளர்ந்தது. 1814-ல் எஹலபொல என்ற அதிகாரி எதிர்த்து நின்றான். பிறகு ஆங்கிலேயரிடம் தப்பி ஓடினான். கோபம் கொண்ட அரசன் அவனுடைய மனைவியையும் பிள்ளைகளையும் கொல்லச் செய்தான். மக்கள் மனம் கொதித்தது.

1815 பிப்ரவரியில் ஆங்கிலப் படை கண்டிக்குள் புகுந்தது. அரசன் பிடிபட்டான். மார்ச் 2-ந் தேதி, கண்டித் தலைவர்களே நாட்டை ஆங்கிலேயருக்கு எழுதிக் கொடுத்தார்கள்!

கொழும்பு

கண்டி அரசர்களின் சிம்மாசனத்தை ஆங்கிலேயர் தங்கள் நாட்டுக்கு எடுத்துச் சென்றனர். 1934-ல் திருப்பிக் கொடுத்தார்கள். அதைக் கொழும்பு அருங்காட்சியகத்தில் காணலாம்.

இலங்கைக் கொடியில் வாள் ஏந்தி நிற்கும் சிங்கமும் கண்டி அரசின் சின்னமே.

மற்ற ஊர்கள்

காலியில் கடலோரக் கோட்டை இருக்கிறது. போர்த்துகீசியர் தொடங்கினர், டச்சுக்காரர் பெரிதாக்கினர். கோட்டைக்குள் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் நல்லூர்க் கந்தசுவாமி கோவிலும் பழைய கோட்டையும் உண்டு.

திருகோணமலையில் கடலைப் பார்த்த பாறை மேல் கோணேசுவரர் கோவில் இருக்கிறது. அருகே கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள்!

வேலூர்

பிடிபட்ட அரசனை 1816-ல் கப்பலில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு குடும்பத்தோடு வேலூர்க் கோட்டையில் காவலில் வைத்தார்கள்.

திப்பு சுல்தானின் பிள்ளைகள் முன்பு காவலில் இருந்த கோட்டை அது. 1806 ஜூலை 10-ல் சிப்பாய்கள் கிளர்ந்து எழுந்ததும் அங்கேதான். அதன் பிறகே திப்புவின் குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள்.

கண்டி அரசன் 16 ஆண்டுகள் வேலூரில் வாழ்ந்தான். சொந்த நாட்டை மறுபடி பார்க்கவே இல்லை. 1832 ஜனவரி 30-ல் காலமானான். அப்போது வயது 52.

கோட்டைக்குள் 'கண்டி மகால்' என்ற பெயர் இன்னும் வழங்குகிறது.

வேலூருக்கு வருகிறவர்கள் அகழி சூழ்ந்த கோட்டையைப் பார்க்கிறார்கள். ஜலகண்டேசுவரரைக் கும்பிடுகிறார்கள். ஸ்ரீபுரம் பொற்கோவிலுக்கும் போகிறார்கள்.

அப்படியே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பாலாற்றங்கரைக்கும் ஒரு நடை போய் வரலாம். இலங்கை வரலாற்றின் ஓர் ஏடு அங்கே இருக்கிறது.