ஏழு நிறக் குருவி

அமேசான் காட்டுக்குள் நின்று அண்ணாந்து பார்ப்பவர்களுக்கு இந்தக் குருவி பெரும்பாலும் கரும்புள்ளிதான். மர உச்சியில், வெளிச்சத்துக்கு எதிரே, மற்ற குருவிக் கூட்டத்தோடு பழமும் பூச்சியும் தேடித் தாவிக்கொண்டே இருக்கும். இப்படிப்பட்ட உச்சிவாசிகளைப் பார்க்கவென்றே ஈக்வடாரிலும் பெருவிலும் காட்டுக்குள் கோபுரம் கட்டியிருக்கிறார்கள். அதில் ஏறிக் கண்மட்டத்தில் பார்த்தால்தான், ஸ்பானிய மொழியில் ‘சியேத்தே கொலோரெஸ்’, அதாவது ஏழு நிறம் என்று ஏன் கூப்பிடுகிறார்கள் என்பது புரியும்.

ஆங்கிலத்தில் பாரடைஸ் டானேஜர். எடை சுமார் 20 கிராம். தலையில் பச்சை ஆப்பிள் நிறத்தில் மீன் செதில்போல அடுக்கிய இறகுகள். தொண்டை கத்தரிப்பூ நிறம். மார்பு பளிச்சென்ற நீலம், முதுகு கரிக்கறுப்பு. பறந்து போகும்போது வாலுக்கு மேலே சட்டென்று ஒரு சிவப்பு. சில பகுதிகளில் அதோடு மஞ்சளும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அலங்காரம். குரலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பாடும் பறவைகளின் குலத்தில் பிறந்தும் மெல்லிய ‘சிட், சிட்’டோடு நிறுத்திக்கொள்கிறது.

அறிவியல் பெயரில் ஒரு கோளாறு உண்டு. 1832-இல் விலங்கியலாளர் நிக்கோலஸ் விகர்ஸ் இதற்கு ‘சிலென்சிஸ்’, சிலி நாட்டது என்று பெயர் வைத்தார். சிலியில் இது கிடையவே கிடையாது. ஆனால் முதலில் வைத்த பெயருக்கே முன்னுரிமை என்பது அறிவியல் விதி. தவறு அப்படியே நிலைத்துவிட்டது.

நிறத்துக்கு வருவோம். மஞ்சளும் சிவப்பும் தீனியிலிருந்து கிடைக்கும் சாயம். நீலத்துக்குச் சாயமே இல்லை. இறகுக்குள் இருக்கும் நுண்ணிய அமைப்பு நீல ஒளியைச் சிதறடித்துத் திருப்பி அனுப்புகிறது. மயில் இறகை அரைத்தால் நீலமா வரும்? பழுப்புத் தூள்தான்.

விசேஷம் இறகின் அடியில் இருக்கிறது. வெளியே தெரிவது நுனி மட்டும். மீதியை மேலிறகு மூடிவிடும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தக் குருவியின் தங்காரா பேரினத்தை ஆராய்ந்து 2025-இல் வெளியிட்டார்கள்: மஞ்சள், சிவப்பு நுனிகளுக்குக் கீழே வெள்ளை, நீலத்துக்குக் கீழே கறுப்பு. கறைபட்ட சுவரில் நேரே மஞ்சள் அடித்தால் எடுப்பாக இருக்காது, முதலில் பிரைமர் அடிக்க வேண்டும் என்பார் பெயின்டர். அதே சூத்திரம்தான். சாயத்தைத் தாண்டி உள்ளே போன ஒளி வெள்ளையில் பட்டு, மறுபடி சாயத்தின் வழியே வெளியேறுவதால் மஞ்சள் தகதகக்கிறது. நீலத்தில் கணக்கு தலைகீழ். வேண்டாத ஒளி திரும்பி வந்தால் நிறம் வெளிறிவிடும். கறுப்பு அதை விழுங்கிவிடுகிறது.

பச்சை, கத்தரிப்பூ, நீலம், கறுப்பு, சிவப்பு, மஞ்சள் என்று படத்தை வைத்து எண்ணிப் பார்த்தேன், ஆறுதான் தேறுகிறது. ஏழாவதாக உள்ளே ஒளிந்திருக்கும் வெள்ளையைச் சேர்த்துக்கொள்ளலாம்.