கறுப்புப் பசு ஈன்ற சிவப்புக் கன்று

இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம், கடல் மட்டத்திலிருந்து 1,891 மீற்றர் உயரத்தில், பட்டிப்பொலவில் அமைந்துள்ளது. அதற்கும் அம்பேவலவுக்கும் இடைப்பட்ட குளிர்ந்த மேய்ச்சல் நிலங்கள், சமவெளியின் வெப்பத்தைத் தாங்க இயலாத ஐரோப்பிய பால் மாடுகளுக்கு ஏற்றவை என்பதால், கறுப்பும் வெள்ளையுமான பிரீசியன் இனம் இப்பகுதியின் அடையாளமாகவே ஆகிவிட்டது. இவ்வினத்தின் கறுப்புப் பசுவொன்று, கறுப்புக் காளையின் விந்தணுவால் சினைப்பட்டு, சிவப்பும் வெள்ளையுமான கன்றை ஈனுவது அரிதாயினும் நிகழக்கூடியதே. அத்தகைய வேளைகளில் மாட்டுக்காரரின் சந்தேகம் பெரும்பாலும் சினைப்படுத்தல் ஊசி போட்டவர் மீதே விழுகிறது. ஆனால் பிறப்புரிமையியல் அவரை எளிதில் விடுவித்துவிடுகிறது.

ஒவ்வோர் இயல்புக்கும் உரிய பரம்பரையலகு விலங்கின் உடலில் இரண்டு பிரதிகளாக உள்ளது. ஒன்று தாயிடமிருந்தும் மற்றொன்று தந்தையிடமிருந்தும் வருகிறது. ஒரே பரம்பரையலகின் வேறுபட்ட வடிவங்கள் எதிருருக்கள் எனப்படும். பிரீசியன் மாட்டின் நிறத்தைத் தீர்மானிக்கும் பரம்பரையலகில், கறுப்பு எதிருரு ஒன்றிருந்தாலே உடல் கறுப்பாகிவிடுவதால் அது ஆட்சியானது என்றும், இரண்டு பிரதிகளும் ஒன்றுசேர்ந்தாலன்றி வெளிப்படாத சிவப்பு எதிருரு பின்னிடைவானது என்றும் கூறப்படுகின்றன. சிவப்பை மறைவாகச் சுமக்கும் கறுப்பு மாடு காவி எனப்படும். காவியையும் தூய கறுப்பையும் கண்ணால் வேறுபடுத்த முடியாது. காவிகளான பசுவும் காளையும் இணையும்போது, இருவரும் தத்தம் இரு எதிருருக்களில் ஒன்றைச் சம வாய்ப்புடன் வழங்குவதால், கன்று தூய கறுப்பாக இருக்க நான்கில் ஒரு பங்கும், காவியாக இருக்க நான்கில் இரண்டு பங்கும், சிவப்பாக இருக்க நான்கில் ஒரு பங்கும் வாய்ப்புண்டு. பட்டாணிச் செடிகளை ஆராய்ந்து மெண்டல் 1866இல் வெளியிட்ட கணக்கு இதுவே.

இக்கணக்கு மிகுதியும் தவறாக விளங்கிக்கொள்ளப்படுவது அந்த நான்கில் ஒன்றில்தான். மூன்று கறுப்புக் கன்றுகள் பிறந்துவிட்டதால் நான்காவது சிவப்பாகும் என்பது இதன் பொருளன்று; ஒவ்வொரு பிறப்பிலும் வாய்ப்பு புதிதாகவே தொடங்குகிறது. அத்தகைய இணையின் நான்கு கன்றுகளில் ஒன்றுகூடச் சிவப்பாக இல்லாமற்போக ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. மேலைநாடுகளில் நிறமற்ற மலைப்பாம்புகளை இனப்பெருக்கம் செய்வோரும் இதே கணக்கையே கையாளுகின்றனர். ஆயினும் பாம்பு ஒரே தடவையில் பல முட்டைகளை இடுவதால் அவர்களுக்கு விடை விரைவில் தெரிகிறது, பசுவோ பொதுவாக ஓர் ஈற்றில் ஒரு கன்றையே தருகிறது. காவிப் பெற்றோருக்குப் பிறந்த, வெளிப்பார்வைக்கு இயல்பான குட்டியை அவ்வணிகர்கள் 'அறுபத்தாறு வீதக் காவி' என்று குறித்து விற்பதில் நுட்பமொன்று உள்ளது: நிறமற்ற குட்டிகளை நீக்கியபின் எஞ்சும் மூன்று பங்கில் இரண்டு பங்கு காவிகள் என்பதால், நிறமின்மை மறைந்திருப்பதற்கான வாய்ப்பு பாதியன்று, மூன்றில் இரண்டாகும்.

ஆட்சியானது என்பதால் அது பெருவாரியாகக் காணப்படும் என்றும் கொள்ளலாகாது. மாடுகளில் கொம்பின்மையே ஆட்சியான இயல்பு. இருந்தும் பிரீசியன் மாடுகள் பெரும்பாலும் கொம்புடனேயே பிறக்கின்றன, ஏனெனில் அவ்வினத்தில் கொம்பின்மைக்குரிய எதிருரு அரிது.

சிவப்பு நிறத்தால் கேடில்லை. நோயை உண்டாக்கும் பின்னிடைவான எதிருருவே உண்மையான கவலைக்குரியது. 1952இல் அமெரிக்காவில் பிறந்த ஒஸ்போர்ண்டேல் ஐவன்ஹோ என்ற, பிரீசியனுக்கு நெருங்கிய ஹோல்ஸ்டைன் இனக் காளையின் வழியில், வெண்குருதிக் கலங்கள் குருதிக் குழாயை விட்டு வெளியேறித் தொற்றுள்ள இடத்தை அடைய முடியாத குறைபாடொன்று பரவியது. இரு பிரதிகளையும் பெற்ற கன்றுகள் தொற்றுகளால் பெரும்பாலும் இளமையிலேயே இறந்தன. குறைபாட்டுக்குக் காரணமான பரம்பரையலகு மாற்றம் 1992இல் வெளியிடப்பட்டபோது, சோதிக்கப்பட்ட அமெரிக்கக் காளைகளில் ஏறத்தாழ ஏழில் ஒன்று காவி எனத் தெரியவந்தது. உறைந்த விந்தணு மைனஸ் 196 பாகை செல்சியசில் திரவ நைதரசனுள் பல்லாண்டுகள் கெடாதிருப்பதால், காளை இறந்தபின்னும் அதன் பரம்பரை நாடுகளைக் கடந்து செல்ல முடிந்தது. காவிக் காளையின் விந்தணுவைத் தூய பசுக்களுக்குச் செலுத்தினால் எந்தக் கன்றும் நோயுறாது. எனினும் பிறக்கும் கிடாரிகளில் பாதி காவிகளாக இருக்கக்கூடுமாதலால், அதே காளையை அவற்றுக்கே மீண்டும் பயன்படுத்தினால் எட்டில் ஒரு கன்று நோயுடன் பிறக்கும் வாய்ப்பு எழுகிறது. மாடுகள் குறைவாகவும் காளைகள் அதனினும் குறைவாகவும் உள்ள தோட்டப்புறங்களில் இதைப் புறக்கணிக்க முடியாது.

காவியைக் கண்டறியும் பழைய வழி சோதனைக் கலப்பு: சிவப்புப் பசுக்களுடன் கறுப்புக் காளையை இணைத்து ஏழு கன்றுகளும் கறுப்பாகவே பிறந்தால், அக்காளை காவியாக இருந்தும் தற்செயலாக அவ்வாறு நேர்ந்திருக்கும் வாய்ப்பு 128இல் ஒன்றே, மாறாக ஒரேயொரு சிவப்புக் கன்று பிறந்தாலும் ஐயம் தீர்ந்துவிடும். இன்று ஒரு மயிர் வேரோ துளிக் குருதியோ போதும். சோதனையில் காவியெனத் தெரிந்த விலங்கை ஒதுக்கவேண்டிய தேவையில்லை, அதன் நலத்திலும் பாலிலும் குறையில்லை. அதனுடன் எதை இணைப்பது என்பதே கவனிக்கத்தக்கது. ஹோல்ஸ்டைன் காளைகளின் வம்சாவளிப் பட்டியலில் மேற்கூறிய குறைபாட்டின் காவிக்கு 'பீ.எல்.' என்றும், சோதனையில் நீங்கியதற்கு 'ரீ.எல்.' என்றும் பெயரையடுத்துக் குறிக்கப்படுகிறது. விந்தணுக் குழலின் மீது அச்சிடப்பட்டுள்ள காளை இலக்கத்தை மாட்டுக்காரர் குறித்துவைத்தால், அடுத்த சினைப்படுத்தலின்போது அப்பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.