பிளேசர்த் தாரையும் முனைவாக்கத் திருப்பமும்

1929இல் ஜேர்மானிய வானியலாளர் ஹொஃப்மைஸ்டர் கண்டறிந்த பீ.எல். லசேட்டே, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஒளிமாறும் விண்மீனாகவே எண்ணப்பட்டது. அது 90 கோடி ஒளியாண்டளவு தொலைவிலுள்ள ஒரு விண்மீன் திரளின் கரு என்பதும், அங்குள்ள கருந்துளையருகே எழும் தாரை ஏறக்குறைய நம்மை நோக்கியே பாய்கின்றது என்பதும் பின்னரே தெளிவாயின. இத்தகையவற்றையே பிளேசர் என்கிறோம்.

தாரையின் காந்தப்புலத்தில் ஒளிவேகத்தையண்டி விரையும் இலத்திரன்கள் உமிழும் ஒளி முனைவாக்கமுற்றது. ஒளித் தொலைநோக்கியாற் பிரித்துக்காண இயலாத தாரையடியின் புல ஒழுங்கை அம்முனைவாக்கத் திசையே நமக்கு உணர்த்துகின்றது. 2005இன் பிற்பகுதியில் பீ.எல். லசேட்டே வெடித்தொளிர்ந்தபோது, அத்திசை ஐந்து நாட்களில் ஏறத்தாழ 240 பாகை சுழன்றது. சுருளான புலத்தினூடே ஒளிர்திரளொன்று சுழன்று சென்றதன் விளைவே இதுவென மார்ஷரும் குழுவினரும் 2008இல் விளக்கினர்.

இவ்விளக்கத்தை நாம் உடனே ஏற்கலாமா? முனைவாக்கத் திசைக்குத் தலையுமில்லை, வாலுமில்லை. 10 பாகையும் 190 பாகையும் ஒன்றே. அளவீடுகளுக்கிடையே சில இரவுகள் தவறின், இல்லாத சுழற்சி உளதாகவும், உள்ளது இலதாகவும் தோன்றக்கூடும். கொந்தளிக்கும் புலத்தின் தற்செயலான அசைவுகளும் ஒன்றுகூடிச் சுழற்சிபோற் காட்டும். 2013இல் கிரேத்தாத் தீவின் ஸ்கினகாஸில் தொடங்கிய ரோபோபோல் அவதானிப்புகள், சுழற்சிகள் யாவும் தற்செயலாயிருத்தல் அரிதெனக் காட்டின. ஆயினும் தனியொரு சுழற்சியைக் கொண்டே சுருட்புலத்தை நிறுவுதல் அவசரம் என்றே நாம் கருதுகிறோம்.